சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு பள்ளம்

என் மனைவியின் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. ஊரில் அதை விபத்து என்றார்கள். அது என் பொறாமை செய்த வேலை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், டுரியான் பழக் காலத்தில் தொடங்கியது. மலேசியாவில் தாப்பா ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது தாமான் என்னும் குடியிருப்பாகிவிட்ட இடத்தில் எங்கள் வீடு. பின்னால் கொஞ்சம் டுரியான் மரங்கள். அணில் தொல்லைக்காக லைசன்ஸ் எடுத்து ஒரு காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தேன். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும் பழைய வகை.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஸ்பிரிங்கின் விசையைப் பற்றி முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன். மைத்துனன் ஆறாம் வகுப்போடு நின்று, தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவன். அந்த ஆண்டு துப்பாக்கியின் வேகம் குறைந்து, குண்டு பத்தடியிலேயே விழத் தொடங்கியது. இரண்டு நாள் புரட்டிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவன் ஒரே ஒரு முறை மடக்கி, சத்தத்தைக் கேட்டான்.

“ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு மச்சான். உள்ள இருக்கிற தோலு காஞ்சி அப்பளமா போச்சு. காத்து ஒழுகுதுலா.”

லைசன்ஸ் என் பெயரில். அதனால் அவன் தொடும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எங்கள் ஏற்பாடு. தானே செய்த ஒரு மரச்சட்டத்தில் துப்பாக்கியை இறுக்கி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தான். பழைய இடுப்பு வாரிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினான். வேலிக்கருகில் வைத்த பால் டின் முதல் குண்டிலேயே பறந்தது.

“இவரு முப்பது வருஷம் ஸ்பிரிங்குக்குப் பாடம் எடுத்தாரு. ஒரு ஸ்பிரிங்காவது இவரு பேச்சக் கேட்டிச்சா?” என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் விற்கும் கடையில் அவனை ‘டாக்டரு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பட்டம் வாங்கிய நான் வெறும் ‘சார்’. அந்த வயதில் அது என்னை அரித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அரித்தது.

சில வாரங்கள் கழித்து, மடக்கும்போது லேசான கிரீச் சத்தம் கேட்டது. அவன் விட்ட குறையை நான் தீர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். மனைவி ஈப்போ நகருக்குப் போயிருந்த ஒரு பகலில், சாப்பாட்டு மேசையில் வைத்துத் தனியாகத் திறந்தேன். மரச்சட்டம் படிக்காதவனுக்குத்தான் என்று நினைத்தேன். கடைசித் திருகு கழன்றதும் உள்ளே அடைத்திருந்த இரும்பு மூடி ஸ்பிரிங்கோடு கிளம்பி, என் காதோரமாகப் போய் சீலிங்கில் மோதியது. மேலே காசளவு பள்ளம்.

எப்படியோ திரும்பப் பூட்டினேன். ஆனால் கொக்கி சில சமயம் பிடித்தது, சில சமயம் நழுவியது. அது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. பள்ளத்தைப் பார்த்துக் கேட்ட மனைவியிடம், பல்லியைத் துடைப்பத்தால் அடித்தேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு சொந்தக்காரர்கள் டுரியான் தின்ன வந்திருந்தார்கள். மரத்தில் அணில் தெரிந்தது. “டாக்டரு, ஒன்னு போட்டுக் காட்டுங்க!” என்றார் ஒருவர். நானே அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை பேர் முன்னால் அது அவன் கையில் சொதப்ப வேண்டும். அதுதான் என் ஆசை.

குழலை மடக்கிக் குண்டை வைக்கும்போது கொக்கி நழுவியது. குழல் படீரென்று மூடி இரண்டு விரல்களை நசுக்கியது. கையில் சுற்றிய துணியில் ரத்தம் ஊற, அவன் சொன்னது இதுதான்:

“என் தப்புலா மச்சான். கொக்கிய நான் சரியா பாக்கல போல.”

நான் டுரியான் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு நிற்கவில்லை. கடையில் உட்கார்ந்து, “படிக்காத கைக்கு அவ்வளவுதான் வரும்” என்றும் சொன்னேன். நான் இல்லாமல் அவன் அதைத் தொட்டதே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் சார் அல்லவா.

விரல்கள் ஆறின, மடங்கவில்லை. அவன் பழுது பார்ப்பதையே விட்டுவிட்டான். மின்சாரக் காற்றாடி, தண்ணீர் பம்பு என்று யார் கொண்டுவந்தாலும், “ஈப்போவுல கடை இருக்கு, அங்க கொண்டுட்டுப் போங்க” என்பான். முதல் சில வாரங்கள் எனக்கு அது இனிப்பாகவே இருந்தது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விரல்களுக்கிடையே சோறு சிந்தியது. நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தவன், “மச்சான், அந்தப் பள்ளத்தப் பூசி விடவா? அந்த வேலையாச்சும் இந்தக் கையால முடியும்” என்றான்.

மறுநாள் காலை அதே கடையில், அதே ஆட்கள் முன்னால், அவனையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு வருஷமா இந்தக் கையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன், சார்.”

மச்சான் என்று சொல்லவில்லை. தேநீரைத் தொடாமல் எழுந்து போனான்.

துப்பாக்கியையும் லைசன்ஸையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன். அவன் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது, “அத குடுத்து என்ன பண்றது, சார்?” என்றான். ஆனால் அடுத்த மாதமே கருவிகள் வைத்த தன் சாமான் பெட்டியைத் திறந்துவிட்டான். இடது கையைப் பழக்கிக்கொண்டு, தாமான் முழுவதும் வேலை செய்கிறான். தீபாவளிக்கு அக்காளைப் பார்க்க வருகிறான், சாப்பிடுகிறான். எங்கள் சமையலறைக் காற்றாடி ஓடாமல் நிற்பதைப் பார்க்கிறான், ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் சாமான் பெட்டியைக் கொண்டுவருவதில்லை. நானும் கேட்பதில்லை.

பள்ளத்தைப் பூச நான் யாரையும் விடவில்லை. பொறாமையும் என்னை விட்டுப் போகவில்லை. முன்பு அவன் கைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது சாமான் பெட்டியோடு அவன் நுழைகிற ஒவ்வொரு வீட்டையும் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.