கன்னிவாடிப் பதிவேட்டில் இருந்த பெண்

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிறப்புப் பதிவேட்டின் நகல் கேட்டார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்கு மூத்தவள் நான் என்பதால், அம்மா பிறந்த கன்னிவாடிக்கு எழுதி நகல் வாங்கினேன்.

அப்பா பெயரும் அம்மா பெயரும் சரியாக இருந்தன. பேர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் குழந்தைக்கு 'பெண்' என்று மட்டும்தான் இருக்கும். வருடம்தான் இடித்தது. பள்ளிச் சான்றிதழைவிட இதில் எனக்கு மூன்று வயது கூடுதல். அப்படியானால் பயிற்சிக்கான வயது வரம்பைத் தாண்டிவிட்டேன்; இடம் கிடைக்காது.

பூக்கூடையோடு சந்தைக்குக் கிளம்பிய அப்பாவை மறித்தேன்.

"பள்ளிக்கூடத்துல வயசக் குறைச்சுச் சொன்னீங்களாப்பா?"

"நான் எதுக்குத்தா குறைக்கிறேன்? வாத்தியார் கேட்டாரு, சொன்னேன்."

"சர்க்கார் ஏடு பொய் சொல்லுமா?"

"அப்ப அப்பன் சொல்லுவாங்கிற. நல்லாத்தான் படிச்சிருக்க." கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "உங்கப்பாவ ஏன் வையிற? நீ பெறந்தன்னைக்கு இந்த வீட்டுக்குக் கூரை மேஞ்சுக்கிட்டிருந்தாக. மேல இருந்தவுகள எறக்கி வெரட்டிட்டுல்ல உன்னையப் பெத்தேன்."

எனக்கு உறைத்தது. "இந்த வீட்டுலயா? அப்ப நான் தலைப்பிள்ளை இல்லையாம்மா?"

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு இருந்துச்சு, கன்னிவாடியில. தவழுறதுக்குள்ள காய்ச்சல்ல போயிருச்சு. அதச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

கன்னிவாடிக்கு மறுபடி எழுதி அந்தக் குழந்தையின் இறப்புப் பதிவையும் வாங்கினேன். எங்கள் ஊர்ப் பதிவில் என் பிறப்பு இருந்தது. வருடம் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போயிற்று. தேதி மட்டும் சில நாள் தள்ளி இருந்தது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்று நகல்களையும் சேர்த்து, நான் இவர்களுக்கு இரண்டாவது பெண் என்று ஒரு விளக்கம் எழுதினேன். அனுப்பும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அது பெறந்ததையும் எழுதி வச்சிருக்காகளா?" என்றாள்.

"பெறந்தது, போனது ரெண்டும் இருக்கும்மா."

"ம்," என்றாள்.

இடம் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோருக்கு எத்தனையாவது குழந்தை என்று கேட்டிருந்தார்கள். இரண்டு என்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கட்டைவிரலை மையில் ஒற்றிக் கீழே கைநாட்டு வைத்தார்.