தங்கையார் பார்த்த வேலையும் நான் சொன்ன பொய்யும்

தங்கையார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. மறைந்தோரைப் புகழ்ந்து எழுதுவது மரபு. நான் ஒரு பிழையைத் திருத்த எழுதுகிறேன். அவர் பார்த்த வேலையே அவர் உயிரைக் குடித்தது என உறவினர் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கையால், இயற்பியலில் முதுகலை முடித்த எங்கள் சித்தப்பா மகனின் மகள், அதே வேலைக்குரிய பயிற்சிக்குச் செல்ல இசைவு பெறாமல் வீட்டிலிருக்கிறாள்.

பெருந்துறைக்கு அருகே, பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த பெற்றோருக்குத் தங்கையார் கடைசி மகவு. அவரைக் கோவைக்கு அழைத்து வந்து கல்லூரியில் சேர்த்தவன் நான். இயற்பியல் கற்றவர்க்கு ஆசிரியப் பணியன்றி வேறில்லை என்று, தமிழாசிரியனாகிய நான் உறுதியாக எண்ணியிருந்தேன். அவர் சிரித்தார்.

"ஏனுங்ணா, என்கூடப் படிச்சவ ஒருத்தி மழை கணக்குப் பாக்கற ஆபீஸ்ல இருக்கறா. இன்னொருத்தி பெரியநாயக்கன்பாளையத்துல மோட்டார் டெஸ்ட் பண்றா. நானு மட்டும் சாக்பீஸ் புடிக்கோணுமா?"

பம்பாயில் ஓராண்டு பயின்று வந்து, நகரின் மருத்துவமனையொன்றில், புற்றுநோயாளர்க்குக் கதிர் செலுத்தும் பிரிவில் சேர்ந்தார். நோயாளர் வருமுன் நாள்தோறும் கருவியின் கதிரை அளந்து பார்ப்பார். கட்டிக்கு எவ்வளவு சேர வேண்டும், அடுத்துள்ள நல்ல உறுப்பை எவ்வாறு காப்பது என்று கணக்கிட்டுத் தருவார். வீடு திரும்பத் தாமதமானால், "ரெண்டு தடவை போட்டும் மனசு கேக்கலீங்ணா. மூணாந் தடவையும் பாத்துட்டுத்தான் வாரேன்" என்பார்.

சோமனூரிலிருந்து பெண் பார்க்க வந்தனர். கதிர் என்றால் அஞ்சுவர் எனக் கருதி, கல்லூரி ஆசிரியை என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

"எந்தக் காலேஜுங்க கண்ணு?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"காலேஜ் இல்லீங்க. அண்ணன் சொன்னது பொய்யிங்க. ஆஸ்பத்திரில, கேன்சர்காரங்களுக்குக் கரண்டு வெக்கற எடத்துல வேலைங்க."

"அய்யோ அம்மணி, அங்க நின்னா புள்ளை தங்காதும்பாங்களே!"

"கதிர் வர்றப்ப நாங்க அந்த ரூமுக்குள்ளயே இருக்கமாட்டமுங்க. சுவத்துக்கு அந்தாண்டதான்."

உடலில் படும் கதிரைப் பதிவு செய்ய மார்பில் அணியும் சிறு பட்டையையும் எடுத்துக் காட்டினார். அந்த அம்மையார் அதைத் தொடவில்லை. காப்பியையும் தொடாமல் எழுந்தனர்.

"பஜ்ஜி பூரா மிஞ்சிப்போச்சு. உங்க காலேஜ் டீச்சருக்கு ரெண்டு எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தைத் தின்னுபோடுங்ணா" என்றார் தங்கையார்.

அதன்பின் அவர் மணம் பேச விடவில்லை. நானோ சுற்றத்தாரிடமெல்லாம் அப்பொய்யையே சொல்லி வந்தேன். அடக்கத்தன்று உடன் பணியாற்றியோர் வந்து நின்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. "கரண்டுதான் கொன்னுபோட்டுது. இல்லீனா எதுக்கு மறைக்கறான்?" என்று கல்லறைத் தோட்டத்திலேயே ஒருவர் சொன்னார். கேட்டும் நான் வாய் திறக்கவில்லை.

தங்கையாரை மாய்த்தது கதிர் அன்று. சிறு வயதுக் காய்ச்சல் பழுதாக்கிய இதயம். பணிக்காலம் முழுவதும் அவர் பட்டை காட்டிய அளவு ஒருமுறையும் வரம்பைத் தாண்டவில்லை.

இறுதி வாரங்களில் உடனிருந்து பேணிய மருத்துவர், செவிலியர், பங்குத் தந்தை, வேளைதோறும் உணவு கொணர்ந்த அண்டை வீட்டார், சிகிச்சையால் நலம் பெற்று அடக்கத்துக்கு வந்து நின்ற முகமறியா நோயாளர் ஆகிய அனைவர்க்கும் கைகூப்புகிறேன்.

சித்தப்பா மகனாகிய தம்பிக்கு ஒரு சொல். பயிற்சிக்கு விண்ணப்பிக்க இம்மாத இறுதிவரை காலமுள்ளது. நினைவுப் பூசை முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். மருத்துவர் சான்றையும் அளவுத்தாள்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். பொய் சொன்னவன் நான். அதற்காக உங்கள் மகள் வீட்டிலிருக்க வேண்டாம்.