சிவப்பு மருந்தும் பழுப்பு மருந்தும்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுக் கோளாறு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். அவருக்கு ரயில்வேயில் வேலை, நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனால், ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அதில் சிவப்பு மருந்து ஊற்றித் தருவார்.

அது போதாதென்று, கிள்ளானிலிருந்த என் அண்ணனைப் பார்க்கப் போன சாக்கில் அங்குள்ள ஆஸ்பத்திரியிலும் காட்டினார். அங்கே கொடுத்தது பழுப்பு மருந்து. கையில் இலவச ரயில் பாஸ் இருக்கிறவருக்குச் சொல்லவா வேண்டும்? மாதம் தவறாமல் போய் வாங்கி வந்தார். நிறம் வேறு, ருசி வேறு, ஆகவே மருந்தும் வேறு என்றுதான் இருவரும் நினைத்தோம். என் சமையலில் ஆயிரம் குறை கண்டுபிடிக்கும் மனிதர், அந்தக் கசப்பை மட்டும் முகம் சுளிக்காமல் குடிப்பார்.

ஒரு சமயம் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்று ஒதுக்க ஆரம்பித்தார். ரசம் வைத்துச் சோறு போட்டேன். ரசம் ஊற்றும் முன்பே தட்டைத் தள்ளிவிட்டார்.

"சோத்துல எதுக்கு மஞ்சளப் போட்ட?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெள்ளச் சோறுங்க அது. சாப்பிடப் பிடிக்கலன்னா நேரா சொல்லுங்க, பழி போடாதீங்க."

அவர் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தார். "செவுருகூட மஞ்சளாத்தான் இருக்கு," என்றார்.

ரிக்‌ஷா பிடித்து ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கேட்பாரே என்று இரண்டு போத்தலையும் கையோடு கொண்டுபோனேன். டாக்டர் இவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கிள்ளானுக்கு டெலிபோன் போட்டு விசாரித்தார்.

"ரெண்டும் ஒரே மருந்துதாம்மா. கலர்தான் வேற. அளவு மிஞ்சிப் போச்சு, அதான் குமட்டலும், எல்லாம் மஞ்சளாத் தெரியிறதும். நாடி ரொம்ப மெதுவா அடிக்குது. எல்லாத்தையும் நிறுத்திட்டுப் பாப்போம். இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினேன். "ஒரு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பத்தலையா? ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டு டாக்டர் மருந்து சாப்ட்டா இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும்னு நெனச்சேன். உன்னத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வாய மூடிக்கிட்டுப் படுங்க," என்று அதட்டிவிட்டு, அடுத்த கட்டில்காரர் பார்க்கிறாரே என்றுகூட எண்ணாமல் அழுதேன்.

மெல்லத் தேறி வீட்டுக்கு வந்தார். மத்தியானம் அவர் கண்ணயரும்போது பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். எனக்கு நாடி எண்ணத் தெரியாது, அடிக்கிறது என்று தெரிந்தால் போதும். அவர் விழித்துக்கொண்டுதான் இருப்பார். கண்ணையும் திறக்க மாட்டார், கையையும் இழுத்துக்கொள்ள மாட்டார்.