போர்வைக்காரனின் தங்கச்சி

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எங்கள் தோட்டம் எட்டு மாதம் நம்பியது. தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டு, வெள்ளைக்காரன் வாயைத் திறந்த மறுநொடியே அதைத் தமிழில் சொன்னால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான்: படத்தின் அடியில் சிங்கள எழுத்து ஓடும். நான் அதைப் படித்துத் தமிழில் சொன்னேன்.

ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் துரையுடையது. நாங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழில் படிக்க இரண்டு பஸ் மாற வேண்டும். கடைவீதிச் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கோ நடந்தே போய்விடலாம். என்னை நடக்க விட்டார்கள். சிங்களம் பேசுவது எங்கள் பக்கத்தில் பெரிய கெட்டித்தனம் இல்லை. லயத்து ஆட்கள் எல்லோருமே பேசுவார்கள். எழுத்துத்தான் யாருக்கும் வராது. எனக்கும் ஒரு வருடம் வரவில்லை. அயன்ன, ஆயன்ன என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால், ஈர மண்ணில் நண்டு ஓடிய தடம் மாதிரித்தான் என் கண்ணுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு வகுப்புக் கூட்டாளியின் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தோளில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் பாலத்திலிருந்து குதித்தான். விழவில்லை. மேலே போனான். போகும்போது ஏதோ சொன்னான், அதுவும் அடியில் எழுத்தாக ஓடியது. கூட்டாளி படித்துவிட்டுச் சிரித்தான். என்ன சொன்னான் என்று கேட்டேன். "பொறு, பிறகு சொல்றேன்" என்று சிங்களத்தில் சொன்னவன் கடைசிவரை சொல்லவே இல்லை. அந்த வன்மத்தில் ஒரே மாதத்தில் சிங்கள எழுத்து முழுவதையும் படித்து முடித்தேன். ஆசிரியர் தன் பிரம்பால்தான் நான் திருந்தினேன் என்று நினைத்துக்கொண்டார். அதையும் நான் தடுக்கவில்லை.

பத்தொன்பது வயதில் கடைவீதியில் ஒரு ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் தோட்டத்து ஹோலில் இருந்த டிவியும் வீடியோ டெக்கும் தானாகவே என் கைக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிப் படம் போடுவோம். எப்போதும் தமிழ்ப் படம். நான் தொழிற்சங்கத் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டாம் ஞாயிற்றை மட்டும் பறக்கிறவர்களின் இங்கிலீஷ் படங்களுக்காக வாங்கிக்கொண்டேன். ஹோல் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

படத்துக்குப் படம் ஆள் மாறுவான், துணியின் நிறம் மாறும், எதிரி மாறுவான். தோட்டத்துக்கு எல்லோருமே போர்வைக்காரன்தான். "இந்த மாசம் எந்தப் போர்வைக்காரன்?" என்று கேட்பார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் எழுத்தைப் படிக்க முடியும், அதனால் நின்றேன். அந்தச் சின்னப் பெட்டியில், அதுவும் டிவியிலிருந்து பதிந்து பத்துப் பேர் கை மாறிய கசெட்டில், அடியில் ஓடுவது எழுத்தா கோடா என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது. எனக்கோ வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, அதற்குப் பின்பும் கிடைத்ததில்லை. கணக்கப்பிள்ளையே எனக்கு நாற்காலி தள்ளிவிடுவார். நான் உட்கார மாட்டேன், அது வேறு விஷயம்.

என் ஆட்சிக்கு ஒரே ஒரு எதிர்க்கட்சி இருந்தது. முன்வரிசையில் முதல் ஆளாகப் பாயை விரிக்கும் ஓர் அக்கா. காலையில் முந்நூறு மரம் பால் வெட்டிவிட்டு, குளித்து, சீலை மாற்றி, பாயோடு வந்துவிடுவார். முன்பாய் அக்கா என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் தலைவரை வழியில் மறித்துக்கொண்டார்.

"மாசத்துல நாலு ஞாயிறுதாங்க நமக்கு ஒக்காந்து அழுவக் கெடைக்குது. அதுல ஒன்ன இந்தப் பய பறக்கவுட்டுர்றான். இது நாயமா?"

தலைவர் அப்படியும் இப்படியும் போகாத தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். "வர்ற ரெண்டாம் ஞாயிறு படம் ஓடட்டும். முடிஞ்ச கையோட எல்லாரையும் கை தூக்கச் சொல்லுவோம். புடிக்கலன்னா அதோட சரி."

நான் பயப்படவில்லை. சத்தியமாக இல்லை. படம் தெளிவாகத் தெரிந்தால் எந்த மனிதனுக்கும் போர்வைக்காரனைப் பிடித்துவிடும் என்பது என் உறுதியான கொள்கை. இன்றைக்கும் அதே கொள்கைதான். ஆகவே கேகாலைக்குப் பஸ் ஏறி, அங்கே வீடியோ கடை வைத்திருந்த முதலாளியிடம், சோப்பு விளம்பரமும் பால்மா விளம்பரமும் இல்லாத ஒரிஜினல் கொப்பி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூன்றாம் தடவை போனபோது மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"ஒன்ன மல்லி, ஒயா இல்லுவ ஒரிஜினல் எக்க!" இந்தா தம்பி, நீ கேட்ட ஒரிஜினல் என்று அவர் சொன்னபோது அவர் முகத்திலும் பெருமை இருந்தது. போட்டுப் பார்க்கவில்லை. ஒரிஜினலை எதற்குப் போட்டுப் பார்க்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிறைந்துவிட்டது. தீர்ப்பு நாள் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் ஐந்து நிமிடம் கடலும் மலையும்தான். கண்ணாடி போலப் படம். "அட!" என்று யாரோ சொன்னார்கள். என் நெஞ்சு போர்வை கட்டாமலேயே எழும்பியது. பிறகு கிழவர் ஒருவர் திரையில் வந்து நீளமாகப் பேச ஆரம்பித்தார். நான் வழக்கம்போல அடியைப் பார்த்தேன். அங்கே கிழவரின் செருப்புத்தான் இருந்தது.

ஒரிஜினலில் சிங்கள எழுத்து இருக்காது என்பது, அதற்காக மூன்று தடவை கேகாலைக்குப் போய் வந்த இந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.

டிவியின் பித்தானைத் திருகினேன். எழுத்து வரவில்லை. சாரத்தின் நுனியால் பெட்டியின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன்.

"என்னடா தொடைக்கிற?" என்றார் முன்பாய் அக்கா.

"தூசிக்கா."

"பெரியவரு பேசிக்கிட்டே இருக்காரே, என்ன சொல்றாரு?"

"அது... மழை வராதாம்க்கா."

"அதுக்கா இம்புட்டு நேரம் பேசுறாரு?"

என் வலது கால் மட்டும் தனியாக ஆட ஆரம்பித்தது. இடது கால் விசுவாசமாக நின்றது. நான் கதையை என் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் வந்தாள். சமையலறையில் நின்று போர்வைக்காரனைப் பார்த்து அழுதாள்.

"யாருடா அது?" என்று அக்கா கேட்டார்.

அந்த நொடியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மேதைகளுக்கு ஆபத்தில் தோன்றும் யோசனை. போன ஞாயிறு தமிழ்ப் படத்தில் அண்ணன் தங்கச்சிப் பாசம். ஹோலே சீலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தியது. அழுவதற்குத்தானே ஆசைப்படுகிறார்கள்? அழட்டும், கையும் தூக்கட்டும்.

"தங்கச்சிக்கா."

"கூடப் பொறந்ததா?"

"கூடப் பொறந்தது. அம்மா அப்பா இல்ல. இவருதான் தூக்கி வளத்தாரு."

"அய்யோ பாவமே" என்றது ஹோல். நான் நிமிர்ந்து நின்றேன். வலது காலும் அடங்கிவிட்டது. அடுத்து மூக்கால் கறுப்புப் புகை விடுகிற எதிரி வந்தான். "இவனக் கொண்டுபோயி ரப்பர் சீட் காயப்போடுற புகைக்கூட்டுல நிறுத்துனா வெறகு மிச்சம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில்தான் நான் அடுத்த தவறைச் செய்தேன்.

"இவரு அத்தை மகன். தங்கச்சியக் கட்டிக்குடுன்னு கேக்குறாரு. அண்ணன் மாட்டேங்குறாரு. அதான் சண்டை."

ஹோல் யோசித்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"அத்தை மகன்னா மொறதானே?" என்றார் அக்கா.

"மொறதான்..."

"மொற மாப்பிள்ள வீடு தேடி வந்து கேக்குறான். குடுக்க வேண்டியதுதானே? இந்தப் போர்வைக்காரனுக்கு என்ன கேடு?"

"புகை வுடுறானேக்கா..."

"எங்க வீட்டுக்காரரு வுடாத புகையா? மொறையில கேக்குறவனப் போட்டு அடிக்கிறானே, யாரு மேல தப்பு?"

அதன் பிறகு புகைக்காரன் ஒவ்வொரு தடவை குத்தும்போதும் ஹோல் கைதட்டியது. போர்வைக்காரன் கட்டடத்திலிருந்து விழுந்தபோது "நல்லா வேணும்" என்றார்கள். உலகத்திலேயே போர்வைக்காரன் ஒருவன் தன் சொந்தப் படத்தில் ஆதரவில்லாமல் நின்றது எங்கள் தோட்டத்தில் மட்டுமாகத்தான் இருக்கும். அவனை அந்தக் கதிக்கு ஆளாக்கியவன் நான். இதை எப்படித் திருப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, போர்வைக்காரன் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்கு மேலே பறந்தான். அங்கே நின்று அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் டெக்கின் பித்தானை எட்டுவதற்குள் வாயோடு வாய் வைத்துவிட்டான்.

ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். சின்னப் பிள்ளைகளின் கண்ணைத் தாய்மார் பொத்தினார்கள். நான் பெட்டிக்கு முன்னால் பாய்ந்து, கைகள் இரண்டையும் விரித்து, என் முதுகால் அந்தப் பாவத்தை மறைத்துக்கொண்டு கத்தினேன்.

"மேல காத்து இல்லீங்க! அம்புட்டு ஒசரத்துல மூச்சு முட்டும். அண்ணன்காரரு தங்கச்சிக்கு மூச்சுக் குடுக்குறாரு!"

முன்பாய் அக்கா தலையைச் சாய்த்து, என் இடுப்புக்குப் பக்கத்தால் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, குடுத்து முடிஞ்சிருச்சா? இன்னும் கொஞ்சம் குடுக்கணுமா?"

கூரைத் தகரம் அதிர ஹோல் சிரித்தது. வெளியே போன பெரியவர்கூடத் திரும்பி வந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு என் கண் முன்னாலேயே செத்துக்கொண்டிருந்தது. இரண்டு காலும் இப்போது ஒற்றுமையாக ஆடின.

"தள்ளுடா அங்கிட்டு" என்றார் அக்கா. "தங்கச்சியும் இல்ல, மூச்சும் இல்ல. அது அவன் கட்டிக்கப்போற புள்ள. அடுப்படியில நின்னு அழுதாளே, அது அண்ணன்கிட்ட அழுவுற அழுகையா? பொம்பளைங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப அத்தை மகன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவன் எவனோ திருடன். இந்தப் பய சொன்னான்னு நம்ம அவனுக்குக் கைதட்டிட்டோம்." திரும்பி என்னைப் பார்த்தார். "போர்வைக்காரன் ராத்திரியில பறக்கப் போறத அவகிட்டச் சொல்லாம மறைக்கிறான். பொய் சொல்ற ஆம்பள முழிய நான் திரையிலயும் பாத்துட்டேன், பக்கத்துல நின்னதுலயும் பாத்துட்டேன். நீ ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன். பாயில் இடம் இல்லை, சிமெந்துத் தரையில்தான்.

மீதிப் படம் யாரும் சொல்லாமலேயே ஓடியது. எப்போதாவது அக்கா ஒரு வார்த்தை சொல்வார்: "இப்ப அவளுக்குத் தெரிஞ்சிருச்சு." "அய்யய்யோ, ஏமாந்துட்டான்." அவ்வளவுதான். நான் எட்டு மாதமாகப் படித்துப் படித்துச் சொன்னதைவிட அது போதுமானதாக இருந்தது. இன்னொன்றும் நடந்தது. எட்டு மாதத்தில் எட்டுப் படம் போட்ட நான், ஒரு போர்வைக்காரன் முழுதாகப் பறப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் அவன் மேலே போகும்போது என் கண் கீழே இருந்திருக்கிறது. துணி காற்றில் எப்படிப் படபடக்கிறது, அவன் திரும்பும்போது தோள் எப்படிச் சாய்கிறது, ஒன்றுமே நான் பார்த்திருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் வாயைப் பிளந்ததற்குப் பிறகு மறுபடியும் பிளந்தேன். தீர்ப்பைக்கூட மறந்துவிட்டேன் என்றால் பாருங்கள்.

படம் முடிந்ததும் தலைவர் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "சரி. ரெண்டாம் ஞாயிறு போர்வைக்காரனுக்கு வேணுமா வேணாமா?"

யாரும் கை தூக்கவில்லை. எல்லோரும் முன்பாயைப் பார்த்தார்கள். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கினார்.

"படம் இருக்கட்டும். அந்தப் புள்ள நல்லா அழுதா, அவனும் நல்லாப் பறந்தான். ஆனா இந்தத் தம்பி வாயத் தொறக்கக் கூடாது."

அதற்கு ஹோலே கை தூக்கியது. நானும் தூக்கினேன். எனக்கு எதிரான தீர்மானத்துக்கு நானே வாக்களித்தேன்; அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை.

அடுத்த மாதம் கேகாலை முதலாளியிடம் எழுத்து ஓடாத கொப்பிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அவர் என்னை ஆங்கிலம் படித்த ஆள் என்று எண்ணிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தார். நான் தடுக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, டெக்கில் கசெட்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். முன்பாயின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தது. உட்கார்ந்தேன். புதுப் போர்வைக்காரன் ஒருவன் கப்பல் தளத்தில் நின்று யாருடனோ காரசாரமாகப் பேசினான். என்ன சண்டை என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற?" என்றார். "வெளங்கலன்னா கேளு."