கடைசி வரியில் அவசரம்

சங்கரன்கோவிலில் எனக்கு டிரம்பெட் கற்றுத்தந்த பேண்டு மாஸ்டருக்கும் என் வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, தடித்த உதடு. நாங்கள் வாசிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். முகத்தைப் பார்த்தால் தப்பு காதில் விழாதாம்.

ஒரு கல்யாண ஊர்வலத்தில், பாட்டு நடுவில், அவருடைய டிரம்பெட்டிலிருந்து வெறும் காற்று சீறியது. பார்த்தால், வாயின் இடது பக்கம் தொங்கி எச்சில் வழிந்தது. டிரம் அடிப்பவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

"மாஸ்டர், உக்காருங்க," என்றேன்.

"நீரு வாசியும் வே," என்றார் குழறலாக.

ஆட்டோ வரும்வரை மீதியைத் தனியாக வாசித்தேன்.

பக்கவாதமோ என்று பயந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். முகத்து நரம்புதான், சில மாதத்தில் சரியாகும் என்றார் டாக்டர். சொல்லலாம் என்று உள்ளே ஓடினேன். மாஸ்டர் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

"கடைசி வரியில ஏம்வே அவசரப்பட்டீரு?"

"உங்களப் பாத்துப் பயந்துட்டேன் மாஸ்டர்."

"எனக்கும் பயந்தான். அதுக்காகத் தாளத்த விட்டுரலாமா?"

ஆறு மாதத்தில் அவர் மறுபடி ஊதினார். அன்று அத்தனை பயத்திலும் என் வாசிப்பை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.