ஆற்றைத் தாண்டிய ஏழு பூனைகள்

நாற்பத்தாறு வயதில், ஒரு அலமாரி நிறையப் புத்தகம் படித்துத் தீர்த்த ஒருவன், கையில் கருவாட்டுத் துண்டுடன் வைக்கோல் படப்புக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, "வாங்கம்மா, நல்லா இருப்பீங்க" என்று பூனைகளிடம் கெஞ்சினான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அது நான்தான். கெஞ்சியதும் அன்பினால் இல்லை. பெண்டாட்டிக்குத் தெரியாமல் அவற்றைச் சாக்கில் கட்டி, வைகைக்கு அக்கரையில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவதற்காக.

மேற்கொண்டு நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நானே நம்பாத சாதி. பேய், முனி, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். சுடுகாட்டு வழியாக எத்தனையோ தடவை தனியாக நடந்திருக்கிறேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், சுற்றுப்பாதையில் நடக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

யுத்தம் நடந்த சமயம். ஜப்பான்காரன் மதுரையில் குண்டு போடுவான் என்று நம்பி ஊரைவிட்டு ஓடியவர்களில் நான் முதல் ஆள். இரண்டாவது ஆள் ஓடினதாக இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த காதர் ராவுத்தருக்குச் சிம்மக்கல்லில் மொத்தக் கொத்தமல்லி வியாபாரம்; சமையலுக்குப் போடுகிற மல்லி, பூ இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம், அழகர்கோவில் போகிற பாதையில், ஒரு கிணறும் ஓட்டு வீடும் பத்துத் தென்னையுமாக அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. "சும்மாதான் கிடக்கு மாப்ள, போய் இரு. பூனைக இருக்கும், அதுகளை ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

இருந்தன. ஏழு. யாரும் வளர்க்காதவை, யாருக்கும் அடங்காதவை. படப்புக்குள் பிறந்து, கமலைக் கிணற்றடியில் தண்ணீர் குடித்து, வரப்பில் எலி பிடித்து வாழ்ந்தன. என் மனைவி கோமதி சாயங்காலம் சாயங்காலம் சோற்றைப் பிசைந்து ஏழு கொட்டாங்குச்சியில் வைத்துவிட்டு வருவாள். அவள் திரும்பி நடந்து பத்து அடி போன பிறகுதான் வரும். காது கிழிந்த கடுவன் பூனை ஒன்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து எல்லாவற்றையும் பார்வையிடும், வேறு ஒரு வேலையும் செய்யாது. அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தாள். இரண்டு வருஷமாகச் சோறு போட்டும் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. ஒன்றுகூட எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கோமதிக்கு மூச்சிழுப்பு உண்டு. கல்யாணமான நாள் தொட்டு மழைக்காலத்தில் வரும், போகும். தோட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் வந்தது, போகவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் சோலைமலை வரப்பில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"பூனை மயிருண்ணே. மூச்சோட உள்ள போயிருது. அதுகளைச் சாக்குல கட்டி, மூணு சுத்துச் சுத்தி, ஆத்தைத் தாண்டி விட்டுருங்க. ஆத்தைத் தாண்டுன பூனைக்கு வழி மறந்துரும்."

படித்தவன் என்பதால் முதலில் சிரித்தேன். பயந்தவன் என்பதால் பிறகு செய்தேன். பங்குனி மாதம், கருவாடு வைத்துக் கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து ஏழையும் பிடித்து, கையெல்லாம் கிழிந்து, கோமதியிடம் கருவேல முள் என்று புளுகி, சோலைமலையின் வண்டியில் ஏற்றி, மூன்று சுற்றுக்கு ஆறு சுற்றாகவே சுற்றி, அக்கரையில் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழும் கொட்டாங்குச்சி முன்னால் உட்கார்ந்திருந்தன. தாசில்தார் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"எப்படிண்ணே வராம இருக்கும்?" என்றார் சோலைமலை. "நீங்க தாண்டுனது வெறும் மணலை. கழுதை படுத்திருந்துச்சு, வேட்டி காஞ்சுச்சு. தண்ணி ஓடுறப்பல்ல தாண்டணும்."

வைகையில் தண்ணீர் ஓடுவதற்கு ஐப்பசி வரை காத்திருந்தேன். இந்தத் தடவை ராவுத்தர் மல்லி மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியிலேயே கொண்டுபோய் விட்டேன். அங்கே எலித் தொல்லை. அவருக்கும் சந்தோஷம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பு வாரில் செருகிக்கொண்டார்.

கோமதியிடம், "பூனைகளைக் காணோமே" என்று நானே ஆரம்பித்தேன். அவளோடு சேர்ந்து தோட்டம் முழுக்கத் தேடினேன். அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். அப்புறமும் அவள் தினம் ஏழு கொட்டாங்குச்சியில் சோறு வைத்தாள். எறும்பு தின்றது.

இழுப்பு மட்டும் குறையவில்லை.

பத்தாம் நாள் விடியும்போதே மழை. உச்சிப்பொழுதுக்கு அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. கஷாயம் வைத்தேன், வெந்நீர் வைத்தேன், நெஞ்சைத் தடவினேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஊசி போடுகிற டாக்டர் சிம்மக்கல் பக்கம். சோலைமலை அந்த மழையில் வண்டி கட்டிப் போனார். மூன்று மணி சுமாருக்கு வெறும் வண்டியோடு திரும்பி வந்தார்.

"பாலத்துல போலீசு நிக்கிறாகண்ணே. தண்ணி பாலத்தைத் தொட்டுருச்சு. ஆளைக்கூட விட மாட்டேங்கிறாக."

கோமதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நகம் நீலம் பாய்ந்துவிட்டது. கண் மட்டும் என்னையே பார்த்தது. ஆயுள் முழுக்க வாயால் பிழைத்தவன் நான், அந்த நேரத்தில் எனக்கு வந்தது இதுதான்: "கோமு, பூனையெல்லாம் தானாப் போகல. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

எங்கே என்று சொல்ல வாய் எடுத்தேன். வாசலில் நின்ற சோலைமலை ஒரு பக்கமாக ஒதுங்கினார். யாருக்கோ வழி விடுகிற மாதிரி ஒதுங்கினார்.

தாசில்தார் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று. ஏழு. அவசரமில்லை, பதுங்கல் இல்லை. கோவிலுக்குள் ஆட்கள் வரிசையாகப் போவார்களே, அப்படி வந்தன. ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. தாசில்தார் அவள் நெஞ்சின் மேல் ஏறி முகத்தோடு முகம் வைத்துப் படுத்தது. மற்ற ஆறும் தோளிலும் விலாவிலும் மடியிலுமாக ஒட்டிக்கொண்டன. பிறகு அந்தக் குறுகுறுச் சத்தம் தொடங்கியது.

பூனை குறுகுறுப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இது அது இல்லை. ஏழு தொண்டையிலிருந்தும் ஒரே சத்தம், ஏறும்போது சேர்ந்து ஏறி, இறங்கும்போது சேர்ந்து இறங்கியது. தூரத்தில் பெரிய திருகை ஒன்றை யாரோ நிதானமாகச் சுற்றுவது போல. தரையில் வைத்த என் உள்ளங்கையில் அது அதிர்ந்தது. கோமதியின் மூச்சு முதலில் அதோடு முட்டியது, தடுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. அது ஏறினால் இவள் மூச்சு ஏறியது. அது இறங்கினால் இவள் மூச்சு இறங்கியது. நகத்தில் நிறம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். சோலைமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அவள் கண் அசந்த பிறகு ஏழும் எழுந்து, வந்த வரிசையிலேயே வெளியே போயின. நான் பின்னாலேயே ஓடினேன். முற்றத்தில் முழங்கால் சேறு, கொட்டுகிற மழை. பூனையும் இல்லை, ஒரு காலடித் தடமும் இல்லை. உள்ளே வந்து பார்த்தால் பாய் காய்ந்திருந்தது. அவள் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மல்லி வாசம் அடித்தது.

கண் விழித்ததும் கோமதி கேட்டது பூனையைப் பற்றி இல்லை. "நான் எங்கங்க போயிருந்தேன்? மூட்டை மூட்டையா அடுக்கியிருந்துச்சு. கதகதன்னு இருந்துச்சு. மூச்சு நல்லா வந்துச்சு. மூலையில, தரையோட தரையா, செவுத்துல யாரோ கரியால கிளி வரைஞ்சிருந்தாக."

வெள்ளம் வடிந்ததும் சிம்மக்கல்லுக்கு ஓடினேன். பூனைகளை எப்போது திறந்துவிட்டீர் என்று கேட்டேன்.

"திறக்கவா? சாவி இந்தா இருக்கு" என்றார் ராவுத்தர். "வெள்ளத்தன்னிக்கு மூணு மணிக்கு நானே உள்ள போனேன் மாப்ள, தண்ணி வந்துருமோன்னு மூட்டையை ஏத்தி அடுக்க. ஏழும் வரிசையாப் படுத்திருந்துச்சு. கண்ணு திறந்திருக்கு, கூப்பிட்டாத் திரும்பல. செத்துருச்சோன்னு மூக்குல விரலை வச்சுப் பார்த்தேன். மூச்சு இருந்துச்சு. என்னமோ இழுத்து இழுத்து விட்டுச்சு."

கதவைத் திறந்தார். ஏழும் இருந்தன. நான் மூலைக்குப் போய் மண்டியிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் பூனை உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். சுவரில் கரியால் ஒரு கிளி. ராவுத்தரும் குனிந்து பார்த்தார். அவர் ஏழெட்டு வயதில் அத்தாவுக்குத் தெரியாமல் கிறுக்கியதாம், அவரே மறந்துபோனதாம். கோமதி அந்தக் கிட்டங்கியை ஒரு நாளும் பார்த்தவள் இல்லை.

அன்றே ஏழையும் வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன், சாக்கில்லாமல், தாசில்தாரை என் பக்கத்தில் உட்கார வைத்து. அதன் பிறகு ஒன்றும் வாசற்படி தாண்டியதில்லை, அவள் கைக்கு எட்டியதும் இல்லை. இழுப்பு எப்போதாவது வருகிறது. வந்தால் நான் கதவை விரியத் திறந்து வைக்கிறேன். ஆனால் அவள் மூச்சு சீராகப் போகிற நாட்களில், படப்புப் பக்கம் போய் அந்தக் கடுவனுடைய விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதற்கு மூச்சு திணறுகிறதா என்று பார்க்கிறேன். சில நாள் திணறுகிறது.

ராவுத்தரிடம் அன்று கிட்டங்கியிலேயே நடந்தது முழுவதும் சொன்னேன், ஒன்று விடாமல். மனுஷர் தாடியைத் தடவிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு எலி கடித்த மல்லி மூட்டை ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"அதானே பார்த்தேன். நீ கொண்டாந்து விட்ட நாள்லருந்து ஒரு எலி குறையல. வேலை பார்க்கிற உசிரை வீட்டுல வச்சுக்கிட்டு, வெறும் உடம்பை எனக்கு அனுப்பியிருக்கே மாப்ள."