நீலத் தண்ணீரில் தெரிந்த சிவப்பு

எண்பதுகளில் போடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே மதுரையில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். போடிமெட்டுச் சாலையில் தண்ணீர் கசியும் பாறைகளில் கரும்பச்சையாக ஒரு பாசி படியும். அதிலுள்ள நீலப் புரதம் வெளிச்சம் பட்டால் சிவப்பாக ஒளிரும். அதன் வடிவம் எவ்வளவு நெகிழ்ந்தால் அந்த ஒளி போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

எங்கள் முதல் குழந்தை பிறந்தபோது அழவில்லை, அன்றே இறந்துபோனது. அதன் பிறகு மனைவி சமைத்தாள், நான் சாப்பிட்டேன். கல்லூரிக்குப் போனேன், வந்தேன். ஒரு விடுமுறை நாளில் பாசி எடுக்கக் கிளம்பியபோது, "நானும் வர்றேன்" என்றாள்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதிரே இருந்த தோட்டத்துப் பெண் அவளிடம் கேட்டாள்.

"எத்தன புள்ளைக ஆத்தா?"

"இல்ல."

அந்தப் பெண் வெளியே பார்க்கத் தொடங்கினாள். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. வளைவில் வண்டி திரும்பியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆளுக்கொரு கரண்டியால் பாசியை வழித்தோம். வீட்டில் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டினேன். தண்ணீர் நீலமாக இறங்கியது. மறுநாள் அதை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து மொட்டைமாடி வெயிலில் காட்டினேன். பக்கவாட்டில் பார்த்தால் ரத்தச் சிவப்பு.

"எப்படிச் சிவக்குது?" என்றாள் மனைவி.

"உள்ள இருக்கிற நிறத்த அசைய விடாம புரதம் இறுக்கிப் பிடிச்சிருக்கு. அதான் வாங்குன வெளிச்சத்தத் திருப்பிக் குடுக்குது. பிடி தளந்துச்சுன்னா, அது ஆடி ஆடியே எல்லாத்தையும் சூடா விட்டுரும்."

கீழே போய்க் காப்பிக்குக் கொதித்த தண்ணீரில் குழாயை வைத்தாள். நீலம் வெளுத்தது. மறுபடி வெயிலில் பிடித்தாள். சிவப்பு இல்லை.

"ஆற வச்சா வருமா?"

"வராது."

கொட்டிவிட்டுக் குழாயைக் கழுவிக் கவிழ்த்தாள். "இன்னொண்ணு கொண்டாங்க. கொஞ்சங்கொஞ்சமாச் சூடு ஏத்துவோம். எந்தச் சூட்டுல போகுதுன்னு பாப்போம்."

அதற்குப் பிறகு பாசி எடுக்கப் போகும்போதெல்லாம் அவளும் வந்தாள். பாறை, வழுக்கல், சூடு என்றுதான் பேசிக்கொள்வோம். குழந்தையைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை. ஆராய்ச்சி முடிந்தது, பட்டமும் வந்தது. பெரியகுளத்தில் மாமனார் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம் ஒரு பெண் பிறந்தாள். பிரசவ அறையிலிருந்து நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்.

"அழுதுச்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "இந்தா, அழுதுக்கிட்டுத்தானே இருக்கு சார்."